செங்கல் நிறத்தில் ஒரு சந்தோஷம்

எண்பதுகளில் கோலாலம்பூரில் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு குப்பி நீலக் கரைசலோடு போனேன். சிறுநீரில் சர்க்கரை இருந்தால் காட்டிக்கொடுக்கும் கரைசல் அது.

“நீலத் தண்ணி காய்ச்சத்தான் யுனிவர்சிட்டியா? நம்ம லயத்துலயே அடுப்பு இருக்கு லா!” என்றார் அப்பா.

அந்த அடுப்பிலேயே என் படிப்பை நிரூபிக்க உட்கார்ந்தேன். முதலில் கரைசலில் என் சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சூடாக்கினேன். நீலம் நீலமாகவே இருந்தது. வேடிக்கை பார்த்த லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்த அம்மா, “என்னோடதையும் காய்ச்சு தம்பி, தங்கம் வருதான்னு பாப்போம்” என்றாள்.

கொதிநீரில் சோதனைக்குழாய் நின்றது. நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, மஞ்சள் கனிந்து கனிந்து செங்கல்லாய்ச் சிவந்தது. “வந்திருச்சு!” என்று துள்ளினேன். எல்லாரும் கைதட்டினார்கள், அம்மாவும்தான். என் சோதனை பலித்த பூரிப்பு ஒரு மூச்சு நேரம் நின்றது. அடுத்த மூச்சில்தான் அவள் கையிலிருந்த காலிச் செம்பும், தோளில் தொளதொளத்த ரவிக்கையும் கண்ணில் பட்டன. நான் கொண்டாடியது அம்மாவின் நோயை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நல்ல வேளை, முற்றவில்லை. நெடுங்காலம் இருந்தாள், “என் தங்கத்தைக் கண்டுபிடிச்ச புள்ள” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு.

இப்போது நான் ஆய்வுக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். குழாய் சிவந்தால் மாணவர்கள் கைதட்டுவார்கள். தட்டட்டும், அந்த மகிழ்ச்சி இல்லாமல் வேதியியல் இல்லை. சத்தம் அடங்கியதும் ஒன்றுதான் கேட்பேன்: “இது யாருடையது?”