ஓடாத வண்டிக்கு பிரேக்

என் மனைவி பல்செட் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்பினால் அதைப் பார்த்துப் பல்வரிசை செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கூடம், நாகர்கோவிலில். டவுனில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவேலை என்று நான் பெருமையடிப்பதுண்டு. ஆனால் நான் வாயைப் பிளந்தது பல்லைப் பார்த்து அல்ல, வீட்டில் அவள் செய்யும் வண்டிகளைப் பார்த்துத்தான்.

டிராக் ரேஸ் வண்டி என்று ஒன்று உண்டு. வளைவே இல்லாத நேர்சாலையில் கண் மூடித் திறப்பதற்குள் ஓடி முடித்துவிடும். அதை நிறுத்தப் பின்னால் பாராசூட் விரிய வேண்டும். அவளுடைய தம்பி வளைகுடா நாட்டில் ஒரு பட்டறையில் அந்த மாதிரி வண்டிகளுக்குக் குழாய் வளைத்துச் சட்டம் ஒட்டும் வெல்டர். அவன் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. கடையில் பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டுகிற வேலை இல்லை இது. ஒவ்வொரு துண்டையும் அவளே உண்டாக்க வேண்டும். பட்டறையில் பதினாறு அங்குலம் என்றால் அவள் மேஜையில் ஓர் அங்குலம். சட்டத்துக்குச் சைக்கிள் சக்கரத்துக் கம்பி, எண்ணெய்க் குழாய்க்குப் பல்லுக்குக் கட்டும் மெல்லிய கம்பி. எஞ்சினை மெழுகில் செதுக்கி, பல்செட்டின் ஈறு வார்க்கும் பொடியிலேயே வார்ப்பாள். அதனால் எங்கள் வீட்டு எஞ்சின்கள் பெயிண்ட் அடிக்கும்வரை ஈறு நிறத்தில்தான் கிடக்கும். முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டயர்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கையுறை செய்யும் ஆலையிலிருந்து பதப்படுத்திய ரப்பர் பால் வாங்கி, கரி கலந்து, அச்சில் மெல்ல மெல்லப் பூசி எடுப்பாள். நிஜ வண்டி கிளம்பும்போது பின் டயர் துணி மாதிரிச் சுருங்குமாம். இவளுடைய டயரும் விரலால் அழுத்தினால் அப்படியே சுருங்கும். வெளியே சொல்லமாட்டேன், அவள் இல்லாத நேரத்தில் நான் போய் அழுத்திப் பார்ப்பேன்.

அவள் பிரேக் கைப்பிடிக்கு ஆணி செய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன்.

"ஓடாத வண்டிக்கு பிரேக் எதுக்குட்டி?"

"ஓடல்லன்னா கள்ளம் செய்யலாமா? உங்க ஆபீஸ் மாதிரியா இது?"

நான் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டேன்.

தம்பி விஷயத்தில் சிக்கல் அவளுடைய அப்பாதான். என் மாமனாருக்குத் திருவட்டாறில் பலசரக்குக் கடை. மகன் அரசாங்க வேலைக்குப் போவான் என்று அவர் இருந்தார். அவன் குழாய் ஒட்டப் போய்விட்டான். கடைக்கு வருகிறவர்கள் மகனைப் பற்றி விசாரித்தால், "வெளிநாட்டுல இருக்கான்" என்பதோடு பேச்சை முடித்து, அடுத்து என்ன வேண்டும் என்று கேட்பார். ஒரு விடுமுறையில் மச்சினன் தான் முழுதாக ஒட்டிய ஒரு வண்டியின் படத்தைப் போனில் காட்டப் போனான். அவர் பார்க்கவே இல்லை. "போட்டோவுல வண்டி பக்கத்துல ஆரு வேணும்னாலும் நிக்கலாம்லா" என்றுவிட்டார். அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மாமனாராயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். அவன் ஒட்டிய அந்த வண்டியை யாரோ வாங்கி, பிரித்து, உதிரியாக விற்றுவிட்டார்கள். அவன் ஊருக்கே திரும்பப் போவதாகச் சொன்ன அன்று அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"எக்கா, அந்த வண்டிய நீ செஞ்சு தா. அப்பா ஒரு தடவ கையில எடுத்துப் பாத்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

பெயிண்ட் அடிக்கும் முன், வெறும் சட்டமும் லிவரும் தொட்டியுமாக இருந்தபோது அவன் எடுத்த படங்கள்தான் மிச்சம். எல்லாம் வண்டியோடு சேர்ந்து அவனே எடுத்துக்கொண்ட செல்ஃபி. அவள் அவற்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். முடிக்காமல் தம்பிக்குக்கூடக் காட்டமாட்டேன் என்று பிடிவாதம் வேறு. சட்டம் முடிந்து, லிவர்களும் எண்ணெய்த் தொட்டியும் ஏறி, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

அப்போதுதான் மாமனார் கண் பரிசோதனைக்காக நாகர்கோவில் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். மேஜையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரின் முன் வெகுநேரம் நின்றார்.

"ஏட்டி, இவனுக்க தழும்பு எப்பிடி அந்தப் பக்கம் போச்சு?"

"எந்தத் தழும்பு, அப்பா?"

"புருவத்துல. கிணத்தங்கரையில விழுந்தான்லா. நாந்தான் கையால அமுக்கிப் பிடிச்சிட்டு ஆசுபத்திரிக்கு ஓடினேன். இடது புருவமாக்கும். இதுல வலது புருவத்துலலா நிக்குது."

அவள் குறடோடு எழுந்து வந்து படத்தையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தாள். சில போனில் செல்ஃபி கண்ணாடி மாதிரி இடவலம் மாறி விழும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எங்களுக்குத்தான் உறைக்கவில்லை. வெறும் குழாயில் எழுத்து ஏதாவது இருந்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். பிரேக் கைப்பிடி, பாராசூட் லிவர், எண்ணெய்த் தொட்டி, எல்லாமே அவள் வண்டியில் பக்கம் மாறி உட்கார்ந்திருந்தன.

"ஆருக்குத் தெரியப் போவுது? அப்படியே விட்டிரு" என்றேன்.

"அவனுக்குத் தெரியும்" என்றாள். அன்றைக்கே ஒட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் ஒவ்வொரு ஒட்டாகச் சூடுகாட்டிக் கழற்றி, கம்பியைத் தேய்த்து, மறுபக்கம் வைத்துப் பற்றவைத்த பொறுமையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஒரு முனகல் இல்லை. அவளிடம் எனக்கு இருந்த மதிப்பு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பயமாகவே மாறிவிட்டது. மாமனார் ஊருக்குப் போகும்வரை ஒரு நாற்காலியைப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு தடவைதான் பேசினார்: "நிசத்துல இத்தன ஒட்டும் அவனா ஒட்டினான்?" அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மச்சினன் வந்து இறங்கிய அன்று வண்டியை அவன் முன் வைத்தாள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஒல்லிச் சட்டம், முன்னால் சின்னச் சக்கரம், பின்னால் தடியன்கள் இரண்டு. அவன் குனிந்து மோந்து பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

"எக்கா, எல்லாம் சரி. இந்த ஒரு ஒட்டு மட்டும் கோணலாட்டு இருக்கு."

"அது உனக்க ஒட்டு. படத்துல அப்பிடித்தான் இருக்கு. வேணும்னா பாரு."

பார்த்தான். பிறகு சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நோம்பு காலத்து ஒட்டு. பட்டறையில எல்லாரும் நோம்பு, நான் மட்டும் எப்பிடித் தண்ணி குடிக்கதுன்னு காஞ்சு கிடந்தேன்" என்றான்.

மூவருமாகத் திருவட்டாறு போனோம். மாமனார் வண்டியை இரண்டு கையாலும் வாங்கினார். கடையின் முன்மேஜையிலிருந்த முறுக்குப் பாட்டில்களை ஒதுக்கி, அந்த இடத்தில் வைத்தார். மச்சினன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் நிமிரவில்லை. புளி வாங்க வந்தவர்தான் கேட்டார்.

"என்னவாக்கும் அண்ணாச்சி இது? ஏணிக்கு சக்கரம் வச்சது போல?"

"எனக்க மவன் செய்த ரேஸ் வண்டியாக்கும். அளவு எடுத்து இத எனக்க மவ செய்தா."

"அப்பம் அண்ணாச்சி என்ன செய்திய?" என்று வந்தவர் சிரித்தார்.

"நான் ஒண்ணும் செய்யல்ல" என்றார் மாமனார்.

சொன்னவர், நிறுக்க எடுத்த புளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மச்சினன் மேஜைக்குப் பின்னால் போய், அவர் கையிலிருந்து புளியை வாங்கி, நிறுத்துக் கொடுத்தான்.