எனக்கு மட்டும் வரும் வீடியோ

போன வருடம் பங்குனி வெயிலில் நடந்தது இது. நாங்கள் இருப்பது திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் ஆபரேட்டர். நாலு வருடமாக ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் போர் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் இதெல்லாம் அதிசயமே இல்லை, தெருவுக்கு ஒருத்தர் அப்படிப் போயிருப்பார்.

பொழுதுபோகாமல் அங்கே அவர் செல்போனில் வீடியோ எடுத்து, இணையத்தில் ஒரு சேனல் தொடங்கிப் போட ஆரம்பித்தார். நம் ஊர் வழக்கப்படி, போர் ஓட்டும் முன் எலுமிச்சம்பழம் வைத்து ரிக்குக்குச் சூடம் காட்டுவார். சுற்றி நிற்கும் அந்த ஊர் ஜனங்களும் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்போது, "தண்ணி வந்துருச்சுங்க" என்று அவர் குரல் கேட்கும். அதை லட்சக்கணக்கில் பார்த்தார்கள்.

விளம்பரக் காசு வந்தால் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு ஊரோடு வந்துவிடுகிறேன் என்றார். நான் மனக்கோட்டை கட்டி, புதுக் கட்டில் வரைக்கும் விசாரித்துவிட்டேன்.

விளம்பரக் காசுக்கு விண்ணப்பித்தால், அவர் வசிக்கும் நாட்டில் அந்த வசதியே கிடையாது என்று பதில் வந்தது. எங்கள் ஊர் செல்போன் கடைக்காரரிடம் ஓடினேன். இங்குள்ள விலாசத்தைக் கொடுத்தால் பொய் என்று சேனலையே மூடிவிடுவார்கள் என்றார் அவர். என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தால்தான் காசு வரும், காசு வந்தால்தான் இவர் ஊருக்கு வர முடியும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அவர் வெறுத்துப்போய் வீடியோ போடுவதையே நிறுத்திவிட்டார். நானும் போனால் போகிறது என்றுதான் சொன்னேன். ஆனால் கொஞ்ச நாளிலேயே வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அதுவரை அடுப்பு மேடையில் செல்போனைச் சாய்த்துவைத்து அவருடைய புது வீடியோவை ஓடவிட்டுத்தான் சமைப்பேன். போனில் பேசினால் சாப்பிட்டாயா, பாப்பா படிக்கிறாளா, அவ்வளவுதான். வீடியோவில்தான் சிரிப்பார், ஆட்களை அதட்டுவார். இளைத்திருக்கிறாரா என்று அதில்தான் நான் பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன், வீடியோவை நிறுத்தாதீர்கள் என்று.

"காசே வராதுங்கறப்ப யாருக்குப் போடறது?"

"எனக்குப் போடுங்க. உங்க குரலக் கேக்காம ஊட்டுக்குள்ள இருக்க முடியலீங்க."

சொன்ன வெட்கத்தில் நானே லைனைக் கட் பண்ணிவிட்டேன்.

மறுநாள் என் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ரிக் இல்லை, தண்ணீர் இல்லை. தகரக் கூரை அறை, கொடியில் காயும் லுங்கி, தட்டில் சோறு, அவரே வைத்த ரசம். அதைக் கேமரா பக்கம் தூக்கிக் காட்டி, "உன்ற ரசமாட்ட வரல புள்ள" என்றார், என் கை ரசம் மாதிரி வரவில்லையாம்.

இப்போது தினமும் ஒன்று வருகிறது. அவர் இன்னும் வரவில்லை. லட்சம் பேர் பார்த்த மனுஷர் எனக்கு ஒருத்திக்காகத் தட்டைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்தத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு கரண்டி ரசம் ஊற்ற மாட்டோமா என்று மனசு கிடந்து ஏங்குகிறது.