அறுபத்தொன்றாம் அடியில் நின்ற மணி

காக்ஸ் டவுனில் ஒரு தமிழ் ஆலயத்தில் நான் இருபத்தெட்டு வருஷம் கோயில்பிள்ளையாக இருந்தேன். கதவு திறப்பது, பெஞ்ச் துடைப்பது, மணி அடிப்பது எல்லாம் என் பொறுப்பு. சபையில் யாராவது இறந்தால் வயது எத்தனையோ அத்தனை அடி. அடிக்கும் அடிக்கும் நடுவே அரை நிமிஷம் விட வேண்டும். எல்லோர் வயதும் எனக்கு மனப்பாடம். வீட்டார் வந்து சொல்வதற்குள் அடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம்.

தொண்ணூறுகளில் அந்தக் கர்வம் என்னைக் கவிழ்த்தது. கொயர் மாஸ்டர் சாலமோன் சார், வயது எழுபத்தெட்டு, பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு சனிக்கிழமை காலை மணிக்கூண்டிலிருந்து பார்க்கிறேன், அடுத்த தெருவில் அவர் வீட்டு முன் ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஷாமியானா கட்டுகிறார்கள். வெள்ளைப் புடவையில் பெண்கள் வருகிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? கயிற்றைப் பிடித்தேன்.

அறுபத்தொன்றாவது அடியில் கீழே ஓர் ஆட்டோ வந்து நின்றது. மகளின் தோளைப் பிடித்தபடி சாலமோன் சார் இறங்கினார்.

"அறுபத்தொண்ணு ஆயிடுச்சி. நிறுத்துப்பா, மிச்சத்த அப்புறம் அடிச்சிக்கலாம்."

அவர் பிழைத்து ஆம்புலன்ஸில் வீடு வந்ததற்கு ஸ்தோத்திரக் கூட்டமாம், ஷாமியானாவும் வெள்ளைப் புடவையும் அதற்காம். என் மணியை நம்பி மாலையோடு போனவர்களை அவரே வாசலில் நின்று வரவேற்றிருக்கிறார். ஓர் அம்மா மயங்கி விழுந்துவிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. வேலை போனால் ஆலயத்துக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸும் போகும். எனக்கு மூன்று பெண்கள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து என் ஊழியத்தை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு ஞாயிறும் தவறியதில்லை, கூரை ஒழுகியபோது வாளி வைத்தேன், ஆர்கனுக்குள் எலி பிடித்தேன் என்று படித்துக்கொண்டே போனேன். நாலாவது எலிக்கு வந்தபோது செக்ரெட்டரி கையைக் காட்டினார்.

"போதும்ப்பா. செத்தவரு என்ன சொல்றாருன்னு கேப்போம்."

சாலமோன் சார் மெல்ல எழுந்தார்.

"மணிய நானும் எண்ணிட்டிருந்தேன். என் ஊழியத்த நெனச்சிப் பாத்தேன். கொயர்ல நாப்பது வருஷம். ஆல்ட்டோ பாடுற பொம்பளைங்கள நான் திட்டினதுதான் வரிசையா ஞாபகம் வந்திச்சி. இவன மாதிரி லிஸ்ட் எடுத்துட்டுப் போனா கர்த்தர் கிட்ட நான் மாட்டிப்பேன். இரக்கம் கேட்டுத்தான் உள்ள போவணும். எனக்குக் கேக்கறத இவனுக்குக் கூடாதுன்னு எந்த வாயால சொல்றது?"

கடைசி நாற்காலியிலிருந்த, கொயரில் ஆல்ட்டோ பாடும் அம்மா ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். செக்ரெட்டரி நோட்டை இழுத்து எழுதத் தொடங்கினார்.

"சரி. இனிமே வீட்டுக்காரங்க எழுதிக் குடுக்காம கயிறத் தொடக் கூடாது."

அதுவரை பரலோகத்தை ரிடையர்மென்ட்டுக்குப் பிறகு கிடைக்கப்போகும் குவார்ட்டர்ஸாகவே நினைத்திருந்தேன். இத்தனை வருஷ சர்வீஸுக்கு எப்படித் தராமல் போவார்கள் என்ற தைரியம். அன்று சாயங்காலம் ஜெபிக்க உட்கார்ந்தபோது அந்தத் தாள் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்க வெட்கமாக இருந்தது. "ஆண்டவரே, இரங்கும்" என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். பெஞ்சை நன்றாகத் துடையுங்கள், எலியையும் பிடியுங்கள். ஆனால் எத்தனை எலி என்று எண்ணி வைக்காதீர்கள்.