உள்தாழ்ப்பாள் இல்லாத அறைகள்

முதியோர் குடியிருப்புக்குப் போகிறேன் என்று முதலில் வாயைத் திறந்தது நான்தான். மகன் தள்ளிவிட்டான், மருமகள் துரத்திவிட்டாள் என்று யாரும் எனக்காகக் கண்ணீர் விட வேண்டாம். மல்காஜ்கிரியில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, பால் பாக்கெட் வாங்க இறங்கினால் ஏறி வர அரை மணி நேரம். மகன் ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில் இருபத்திரண்டாவது மாடியில் இருக்கிறான். அங்கே லிஃப்ட் உண்டு, பகலில் பேச ஆள் கிடையாது. எல்லாம் யோசித்துத்தான் சொன்னேன். சொன்ன நிமிடத்தில் விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது.

மகன் லேப்டாப்பில் ஓர் அட்டவணை போட்டான். அமெரிக்காவில் இருக்கும் மகள் அதற்கு மார்க் போட்டாள். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், ஆம்புலன்ஸ் நிற்குமா, பாத்ரூமில் கைப்பிடி உண்டா, கேமரா எத்தனை. ரயில்வே அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். எத்தனையோ அட்டவணை அடித்திருக்கிறேன். விட்டுப்போன கட்டம் கண்ணில் படாமல் போகாது. "அம்மாவுக்கு என்ன வேணும்னு ஒரு கட்டமும் இல்லையேடா" என்றேன்.

"எல்லாமே உனக்குத்தானேம்மா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அட்டவணையில் முதலில் வந்த இடத்தைப் பார்க்க ஒரு சனிக்கிழமை காலை போனோம். வெளிவட்டச் சாலையைத் தாண்டி, நல்ல காற்று, வேப்ப மரங்கள், சாய்வுத் தளம். குறை சொல்ல முடியாது. எங்களைப் போல இன்னும் மூன்று குடும்பங்கள் வந்திருந்தன. மேனேஜர் முப்பது வயதுப் பையன், தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து பேசினான். "ஆன்ட்டி தானா நடப்பாங்களா? ஆன்ட்டிக்கு சுகர் இருக்கா?" என்று என் மகனைக் கேட்டான். நான் பக்கத்திலேயேதான் நிற்கிறேன். "ஆன்ட்டிக்குக் காதும் கேக்கும்" என்றேன். சிரித்துவிட்டு, அடுத்த கேள்வியையும் மகனிடமே கேட்டான்.

பார்வைக்கு வைத்திருந்த அறைக்குப் போன மாதமே ஆள் வந்துவிட்டதாம். அதனால் ஆள் குடியிருக்கும் அறை ஒன்றைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனான். விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டினான். இரண்டாவது தட்டு விழும்போதே கதவு திறந்துவிட்டது.

உள்ளே எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருக்கிறாள். பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டி, மேலே ஒரு துண்டு. பல்செட் கிண்ணத்தில் கிடந்தது. ஆணும் பெண்ணுமாகப் பதினோரு பேர் உள்ளே நுழைந்தோம். அவள் ஒரு கையால் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாயை மூடிக்கொண்டு, "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்றாள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். ஒருவர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். என் மகன் பாத்ரூம் கைப்பிடியை இழுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். நான் என்ன செய்தேன்? "கீசர் உண்டா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெளியே வரும்போதுதான் கதவைக் கவனித்தேன். உட்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகளை மக்குப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். எதிர் அறையிலும் அதே நான்கு ஓட்டைகள்.

"சேஃப்டி ஆன்ட்டி" என்றான் மேனேஜர். உள்ளே பூட்டிக்கொண்டு யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றான். ஓட்டல் அறையில் உள்ளே பூட்டினாலும் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிறார்களே, அப்படி ஒன்று வைத்தால் என்ன என்று கேட்டேன். எங்கள் பாலிசியில் இல்லை என்றான். ஆளைக் கூப்பிடக் கட்டிலுக்கு ஒரு பொத்தான், கழிவறைக்கு ஒரு பொத்தான், நடைவழி முழுக்கக் கேமரா. கதவுக்கு ஒரு பூட்டு மட்டும் கிடையாது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதைதான்.

காரில் ஏறியதும் மகன் வெடித்தான். "எல்லாம் சரியா இருக்கு, ஒரு தாழ்ப்பாளுக்காக வேணாங்கறியா? உள்ள பூட்டிக்கிட்டு அப்படி என்னதாம்மா பண்ணப்போற?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒண்ணும் பண்ணாம இருக்கத்தான்டா கதவு."

அவனுக்குத் தெரியாததைச் சொன்னேன். நான் பிறந்தது இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில், ஒன்பது பேருக்கு நடுவில். கல்யாணமாகிப் போன வீட்டில் எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரு திரைச்சீலை. பிறகு பிள்ளைகள், மாமியாரின் படுக்கை, கடைசியில் கணவரின் நோய். ஒரு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையை அவிழ்த்தெறிந்துவிட்டு ஃபேனுக்கடியில் உட்கார எனக்கு அறுபத்தாறு வயதாக வேண்டியிருந்தது. அதை விட்டுத்தர மாட்டேன். "தாழ்ப்பாள் இல்லேன்னா எனக்கு அந்த எடமே வேணாம், நக்கோ" என்றேன்.

பத்து நாள் கழித்து மேனேஜர் போன் செய்தான், மகனுக்குத்தான். எனக்கு மட்டும் தனி அனுமதியாம். உள்ளே தாழிடலாம், வெளியிலிருந்து சாவியால் திறக்கலாம். மகன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "மத்த கதவுக்கெல்லாம்?" என்று கேட்டேன்.

"மத்த ஃபேமிலி யாரும் கேக்கலையே ஆன்ட்டி."

எல்லாருக்கும் வைத்தால்தான் வருவேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று காலைதான் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்து அழுதிருந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

எனக்குக் கிடைத்தது அந்த அம்மாளுக்கு அடுத்த அறை. அவள் அரசுப் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவள். அனுமதி கேட்காமல் அவள் அறை வாசலை ஒரு வாத்தியார்கூடத் தாண்ட முடியாதாம். இப்போது மருந்து கொடுக்கிறவள், தரை துடைக்கிறவள், சனிக்கிழமைதோறும் அறை பார்க்க வரும் கூட்டம் என்று எல்லாரும் தாண்டுகிறார்கள். நீயும் பூட்டு கேள் என்றேன். ஆபத்து என்று தன் மகன் சொல்லிவிட்டான் என்றாள். அவள் அறையை இனி யாருக்கும் காட்டக் கூடாது என்று நான் போய் மேனேஜரிடம் சண்டை போட்டேன். அறையைக் காட்டுவதற்கு அவளுடைய குடும்பம் சம்மதம் கொடுத்திருக்கிறது என்று மெயிலைக் காட்டினான். அதில் கையெழுத்துப் போட்டிருந்தது சிட்னியில் இருக்கும் மகன். அறையில் இருப்பவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் நானும் வருடக்கணக்கில் சம்பாதித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள். வயதானதும் எடுப்பார் கைப்பிள்ளை ஆகிவிட்டோமா?

அதற்குப்பின் சனிக்கிழமை பத்தரை மணிக்கு அவளை என் அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறேன். போன வாரமும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நடைவழியில் காலடிச் சத்தம் வந்தது. என் கதவை யாரோ தள்ளிப் பார்த்தார்கள், திறக்கவில்லை. அடுத்த கதவு திறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல்கள், ஒரு குழந்தையின் ஓட்டம். பிறகு இரும்புக் கதவு ஒன்று கிறீச்சிட்டது.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "அதி நா பீருவா" என்றாள். அவளுடைய பீரோ. கீழ்த்தட்டில்தான் உள்பாவாடையெல்லாம் மடித்து வைத்திருக்கிறாளாம்.

அத்தனை பேரையும் கேட்கிறபடி கேட்டுவிடுவது என்று எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். அவள் பதறி எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எண்பத்தொரு வயதுக் கை.

"வத்தம்மா, வேண்டாம்" என்றாள். "என் பையன்கிட்ட சொல்லிடுவாங்க."