சீக்கிரம் என்று சொன்னேன்

விமான எஞ்சினின் முன்பக்கம் சுழலும் பெரிய விசிறியின் சத்தத்தைக் குறைப்பது என் வேலை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக, தாம்பரத்தைத் தாண்டி ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, நாங்கள் சிலர் கணினித் திரையில் அந்த விசிறியின் இறக்கைகளை வளைத்தும் சாய்த்தும் பார்க்கிறோம். நான் இருப்பது சேலையூரில். என் அக்கா இருப்பது அனகாபுத்தூரில், விமானங்கள் தரையிறங்கும் வழிக்கு நேர் கீழே. பள்ளி ஆசிரியை. தலைக்கு மேல் விமானம் வந்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வாள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

கீழ் வீட்டில் குடியிருந்தவருக்குப் பழகவில்லை. அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். எப்போதும் நைட் ஷிப்ட்தான். பகலில்தான் தூங்கியாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது, மோட்டார் போடச் சொல்லி மேலே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. அக்கா என்னைக் காட்டி, "ஏரோப்ளேன் சத்தத்தைக் குறைக்கிறது இவதான்" என்றாள்.

"நெசமாவா மேடம்?"

அலுவலகத்துக்கு வெளியே யாரும் என் வேலையைப் பற்றி அவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை. டேபிள் ஃபேனை ஓடவிட்டு, கம்பி வலையை ஒட்டினாற்போல் ஒரு ஸ்கேலைப் பிடித்தேன். விர்ரென்று சத்தம் எழுந்தது. ஸ்கேலைத் தள்ளிப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்ததும் அடங்கியது.

"எஞ்சின்லயும் இப்படித்தாண்ணா. ஃபேன் தள்ளுற காத்து பின்னாடி இருக்கிற தகட்டுல மோதுது. அந்த இடைவெளியையும் சாய்வையும்தான் நாங்க சரிபண்றோம்."

"அப்போ சத்தம் கொறைஞ்சிடும்?"

"குறையும்."

"எப்போ மேடம்?"

"சீக்கிரம்ண்ணா."

எங்கள் அலுவலகத்தில் சீக்கிரம் என்றால் பத்துப் பதினைந்து வருடம். வடிவம் முடிவாக வேண்டும், சோதனைகள் முடிய வேண்டும், அனுமதி கிடைக்க வேண்டும், அதற்குப் பிறகு பழைய விமானங்கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெற வேண்டும். இறங்கும்போது விமானத்தின் சக்கரமும் இறக்கையும் காற்றைக் கிழிக்கிற சத்தம் வேறு. அதற்கும் எங்கள் விசிறிக்கும் சம்பந்தமே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபின் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது ஸ்கேல் வித்தையை நண்பர்களிடம் பெருமையாக நடித்துக்கூடக் காட்டினேன்.

சில மாதங்கள் கழித்து அக்கா போன் செய்தாள்.

"கீழ் வீட்டு அண்ணனுக்கு ஆக்சிடென்ட். விடிகாலைல காலி வண்டியைத் திருப்பிக் கொண்டுவரும்போது கண் அசந்துட்டாராம். பல்லாவரம் பக்கத்துல மீடியன்ல ஏறிடுச்சு. கால்ல எலும்பு முறிவு."

"வேற யாருக்காவது?"

"இல்ல. அவங்க ஏரோப்ளேன் சத்தம் இல்லாத இடமா ஊரப்பாக்கத்துல வீடு பார்த்து வெச்சிருந்தாங்களாம். நீ சொன்னதைக் கேட்டுட்டுத்தான் வேணாம்னு விட்டாங்களாம். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றாள்.

அன்று மாலையே மருத்துவமனைக்குப் போனேன். வாங்கிப்போன ஆப்பிள்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மனைவி ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணா, அன்னிக்கு நான் சீக்கிரம்னு சொன்னது தப்பு. பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அப்பவும் இங்க எவ்வளவு குறையும்னு எனக்குத் தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். "அன்னிக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

மனைவிதான் பேசினார். "நான் போலாம் போலாம்னு சொல்லிகினே இருந்தேன் மேடம். படிச்சவங்க சொல்றாங்கோ, கொஞ்சம் பொறுன்னாரு." குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் ஆப்பிள்களைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தேன்.

முன்பு பார்த்த வீட்டுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். அதே ஊரப்பாக்கத்தில், இன்னும் உள்ளே தள்ளி ஒரு வீட்டை நானும் அக்காவும் அலைந்து கண்டுபிடித்தோம். அதனால் என் மனம் லேசாகிவிடவில்லை.

வீடு மாறும் நாளில் லீவு போட்டுவிட்டுப் போனேன். தெருவில் பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை நீட்டி அவர் உட்கார்ந்திருந்தார். நானும் அவர் மனைவியும் பாத்திரங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். அது அடையாற்றுப் பக்கம் போய் மறைந்ததும் அவர் கேட்டார்.

"இது ஒங்க ஃபேன் இல்லியே மேடம்?"

"இல்லண்ணா."

"வந்தா சொல்லுங்கோ" என்றார். கேலியா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நான் பின்பக்கக் கதவின் கொக்கியை மாட்டினேன்.