பூடுது

பெல்லோஷிப் என்ற வார்த்தையை முதலில் கேட்டபோது ஏதோ சர்ச் சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. திருப்பத்தூர்க்காரி நான். பிசியோதெரபி படித்துவிட்டு ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒருநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இளைஞர்களுக்கு வெளிநாட்டில் மூன்று மாதப் படிப்பு, செலவெல்லாம் அவர்களுடையது, அதற்குத்தான் பெல்லோஷிப் என்று பேர், பல நாட்டிலிருந்தும் வருவார்கள், எழுதிப் போடம்மா என்றார். எனக்கு ஒரே கூத்தாக இருந்தது. அந்த வியாதிக்காரர் என்று எனக்குத் தெரிந்தது மொத்தமே ஒரே ஒருத்தர்.

அந்த ஒருத்தர் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து அரை மணி நடந்தால் வருகிற ஊரில் இருந்தார். முப்பது வயசு அக்கா. முதலில் ஒரு கண் மங்கி, தானாகத் தெளிந்தது. அப்புறம் கால்கள் கனத்தன. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்து, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை அங்கங்கே கெட்டுப்போகிறது என்று சொல்லி, வியாதிக்கு அந்த நீளப் பேரை வைத்து அனுப்பிவிட்டார்கள். புருஷன் கர்நாடகா பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை. இங்கே அக்காவும் ஒரு துண்டு சாமைக் கொல்லியும்தான்; மலையில் நிலத்தைக் கொல்லி என்பார்கள்.

"ஓடணும் ஆடணும்னு எனக்கு ஆசையில்ல" என்றார் முதல் நாளே. "சாமை அறுப்புக்கு நான் நிக்கணும். நிக்கலன்னா கொல்லிய இன்னொருத்தனுக்கு வாரத்துக்கு உடணும். உட்டா அவ்ளோதான், திரும்பி என் கைக்கு வராது. அதுக்கு இன்னா வழின்னு சொல்லு நர்சம்மா."

நான் நர்சு இல்லை என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்!

வியாழக்கிழமை வியாழக்கிழமை ஏறிப் போய் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். கூடவே வெந்நீர். கால் கனத்தாலும் வெந்நீர், பிடித்துக்கொண்டாலும் வெந்நீர், நம் ஊரில் வேறென்ன செய்வோம்? கல்லூரியிலும் ஒத்தடம், மெழுகு என்று அதைத்தானே நானும் படித்தேன். தினம் ரெண்டு வேளை, பொறுக்கிற சூட்டில் ஊற்றுங்க என்றேன். அடுத்த வாரம் விசாரித்தேன்.

"வெந்நி ஊத்தறீங்களாக்கா? ஊத்தினா எப்டி இருக்கு?"

"ஊத்தனா பூடுது."

எங்கள் பக்கத்தில் போய்விடுகிறது என்பதைப் பூடுது என்போம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இறுக்கம் போய்விடுகிறதாம்! நோட்டில் 'வெந்நீரில் நல்ல குணம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். நாலு மாசம் இதே கேள்வி, இதே பதில். ஆனால் நடை மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். "ஒழுங்கா ஊத்தறதில்ல போலிருக்கு, இன்னும் நல்லா சூடா ஊத்துங்க" என்று கத்தினேன். அவர் அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினார். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

விண்ணப்பத்தில் ஒரு நோயாளியைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு இடம், நோயாளி தன் கஷ்டத்தைத் தன் சொந்த வார்த்தையில் என்ன சொல்கிறார் என்று. அட, இதென்ன பிரமாதம் என்று பேனாவும் கையுமாக மலையேறினேன். நல்ல பங்குனி வெயில். அக்கா வேப்ப நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வெந்நி ஊத்தினா பூடுதுன்னு சொல்றீங்களே, இன்னா பூடுதுன்னு முழுசா சொல்லுங்கக்கா. எழுதணும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காலுதாம்மா பூடுது. வேற இன்னா பூடும்?"

பேனா அப்படியே நின்றுவிட்டது.

"வெந்நி பட்டாலும் பூடுது, வெய்யில் பட்டாலும் பூடுது. பள்ளத்துத் தண்ணியில கொஞ்ச நேரம் உக்காந்தா திரும்பி வருது. நான்தான் வாரா வாரம் சொல்லிகினு இருந்தேனே. நீ இன்னும் சூடா ஊத்துன்ன. படிச்ச பொண்ணு சொல்லுதேன்னு ஊத்தனேன்."

அங்கேயே அவரை நடக்கச் சொல்லி எண்ணினேன். பதினோரு அடி. அப்புறம் கைத்தாங்கலாக, பள்ளம் என்று அவர்கள் சொல்லும் பக்கத்து ஓடைக்குக் கூட்டிப்போய் இடுப்பளவு தண்ணீரில் உட்கார வைத்தேன். எழுந்தவர் கழியை ஊன்றிக்கொண்டு புளியமரம் வரைக்கும் போய்விட்டார். நாற்பத்தாறு அடி. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மன்னிச்சுடுங்கக்கா என்றேன். "சரி சரி, மூஞ்சியத் தொடச்சிக்க" என்று ஈர முந்தானையை நீட்டினார்.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்கவில்லை. ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு நாலு மாசம் ஒரு பெண்ணின் காலைக் கெடுத்தேன் என்று எழுதினேன். கிடைக்காது என்றே இருந்தேன். கிடைத்தது. சொல்லப் போனபோது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அங்க பெரியவங்க இருப்பாங்க இல்ல? என் காலு நிக்குமா, பூடுமான்னு கேட்டுகினு வா."

ஆடியில் விமானம் ஏறினேன். பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு நாடு. முதல் வாரமே எங்களை ஒரு நீச்சல் தொட்டிக்குக் கூட்டிப்போனார்கள். இந்த வியாதிக்குச் சூடு ஆகாது, அதனால் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறோம் என்று விளக்க, எல்லோரும் மும்முரமாக எழுதினார்கள். நான் எழுதவில்லை. எங்க பள்ளம்டா இது என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்க, பூடுது கதையைச் சொன்னேன். பக்கத்திலிருந்த போர்ச்சுகல் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் ஒருத்தருக்குச் சூடு வைத்துக் கெடுத்ததைச் சொன்னாள். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள். களைப்பதற்கு முன்பே உட்காருவது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, கழுத்தில் ஈரத்துணி, எல்லாம் அங்கே கற்றேன். அக்காவுக்குக் கடிதத்திலும் எழுதிப் போட்டேன். கடைசி நாள் அங்கிருந்த பெரியவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். தெரியாது, யாராலும் சொல்ல முடியாது என்றார்.

அந்தத் 'தெரியாது' என்ற பதிலை எடுத்துக்கொண்டு ஐப்பசியில் மலையேறினேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அக்கா வீட்டில் ஆளில்லை. கொல்லிக்கு ஓடினேன். அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் ஈரத்துண்டு. பாதிக் கொல்லி அறுத்துக் கிடந்தது. விடியலில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சமாகத் தன் கையால் அறுத்தாராம்.

"கேட்டியா?"

"கேட்டேங்க்கா." பையைக் கீழே வைத்தேன். "தெரியலன்னுட்டாங்க."

அறுத்த சாமைக் கட்டு ஒன்றை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். பிறகு என் மூஞ்சியைப் பார்த்தார். நான் வேர்த்து விறுவிறுத்து நின்றிருந்தேன். தன் கழுத்துத் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டார்.

"உக்காரு, வெய்யில் தாழட்டும்" என்றார். "மீதிய சேர்ந்தே அறுக்கலாம்."