இருபத்தொரு பல்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வாப்பா ஒரு கேசட்டாக இருந்தார். மொத்தம் அறுபது நிமிடம் ஓடுவார். முப்பதாவது நிமிடத்தில் வெளியே எடுத்துத் திருப்பிப் போட வேண்டும்.

காயல்பட்டினத்தில் அப்போது இது அதிசயமில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டு வாப்பாமார்கள் கேசட்டுகளாகத்தான் குடியிருந்தார்கள். என் வாப்பா துபாயில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இரண்டு மாதம் உடம்போடு வருவார். மற்ற நாளெல்லாம், ஊருக்குத் திரும்பும் யாராவது ஒருவரின் பெட்டியில், சட்டைகளுக்கு நடுவே குரலாக மட்டும் வந்து சேருவார். உம்மா முதலில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்பாள். பிறகு கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே வெளியே வந்து எனக்கும் லாத்தாவுக்கும், அதாவது என் அக்காவுக்கும், போட்டுக் காட்டுவாள்.

கேட்டு முடித்தபின் அதே நாடாவில், அவர் பேசியதன் மேலேயே, எங்கள் பதிலைப் பேசி, துபாய்க்குப் போகும் ஆளிடம் கொடுத்துவிடுவோம். வீட்டில் வேறு கேசட் இல்லாமல் இல்லை. ஏனோ அதுதான் வழக்கம். அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துத்தான் அவருக்குப் பதில் சொல்ல முடிந்தது. அங்கே அவரும் எங்களை அழித்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்திருப்பார்.

அதில் என் பங்கு கடைசி இரண்டு நிமிடம். உம்மா ரெக்கார்டரை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சலாம் சொல்லு. மார்க்கைச் சொல்லு. தள்ளு" என்பாள். என் கணக்கு மார்க்கு பேச்சை வளர்க்கக்கூடிய மார்க்கும் அல்ல.

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது கேசட்டோடு ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே ரிமோட்டில் ஓடும் கார். கடைத்தெருவில் விற்கும் விளையாட்டுச் சாமான் வகையல்ல. மணலில் ஓடுவதற்கென்றே செய்தது. கூரை இல்லை. பின் டயர்களில் முள் முள்ளாக ரப்பர். வால் பக்கம் ஒரு றெக்கை. செங்கல் அளவுக்கு ஒரு பேட்டரி. நாள் முழுக்க சார்ஜ் ஏற்றினால் பத்து நிமிடம் ஓடும். அந்த வகையில் அது எங்கள் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் வண்டியை உடனே ஓட்ட முடியவில்லை. மோட்டாரின் தண்டு மொட்டையாக இருந்தது. அதில் மாட்ட வேண்டிய பல்சக்கரம் தனியே ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தில் கிடந்தது. அதுவும் ஒன்றல்ல, மூன்று. பதினைந்து பல், பதினெட்டு பல், இருபத்தொரு பல். காரணம் கேசட்டின் கடைசியில், என் பங்கில் இருந்தது.

"மவனே, மூணு பல்சக்கரம் வச்சிருக்கேன். ஒண்ணுதான் மாட்ட முடியும். நம்ம ஊரு மணலுக்கு எது சரியா வரும்னு நல்லா யோசிச்சி எனக்குச் சொல்லு. நா பதில் சொன்ன பொறவு மாட்டு."

நான் கேட்டு அவர் பதில் வர எப்படியும் ஒன்றரை மாதம் ஆகும். யோசித்தேன், ஏறக்குறையக் கால் நிமிடம். பதினைந்தைவிட இருபத்தொன்று பெரிது. என் மார்க்குகளை முன்னிறுத்தி வீட்டில் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட பாடமே அதுதான்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் நாய்கூட நடக்காத நேரத்தில், வண்டியைத் துண்டில் சுற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் போனால் பந்து விளையாட வரும் பையன்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு தடவை கேட்பார்கள். ரிமோட் ஒன்றுதான். பெருந்தன்மை என்பது பேட்டரிக்குக் கேடு என்று முடிவு செய்திருந்தேன்.

அலை நனைத்து இறுகிய மணலில் வண்டி பறந்தது. உண்மையாகவே பறந்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன். கத்தியதைக் கேட்க ஒரு நண்டு இருந்தது, அதுவும் வளைக்குள் போய்விட்டது. பிறகு வண்டியை மேட்டுப் பக்கம், காய்ந்த மணலுக்குத் திருப்பினேன். சத்தம் கம்மியது. டயர்கள் மணலை வாரி இறைத்தன. வண்டி நகர்வதாகவே இல்லை. நான் விசையை விடவில்லை. வேகமான சக்கரம் போட்டிருக்கிறேனே, எப்படிப் போகாமல் இருக்கும்? சற்று நேரத்தில் ஒரு வாடை வந்தது, பின்னால் நூல் மாதிரி ஒரு புகை. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பறந்ததைப் பார்க்கவும் ஆளில்லை, புகைந்ததைப் பார்க்கவும் ஆளில்லை. முதலாவதற்கு வருந்தினேன், இரண்டாவதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

லாத்தாவுக்கு மூக்கு நீளம்.

"என்னலே, கருவாடு கருகுன மாதிரி நாறுது?"

"ஒண்ணுமில்ல."

"வாப்பா அவ்வளவு தூரத்துலேந்து அனுப்பி ஒரு நா முழுசா ஆவல. எரிச்சிட்டியா?"

சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக, வாப்பா அனுப்பிய பிஸ்தாவில் என் பங்கு முழுவதும் அவளுக்குப் போனது. எனக்குப் பயம் அடி உதைக்கு அல்ல. அடிக்க வேண்டியவர் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். பொறுக்கத் தெரியாமல் வண்டியை ஒரே நாளில் எரித்த பிள்ளை என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த கேசட்டில் எனக்கென்று ஒன்றும் இருக்காதோ என்பதுதான் பயம்.

ஆகவே என் பங்கு வந்தபோது, "வாப்பா, இருபத்தொரு பல்லு போட்டேன், பறக்குது" என்றேன். வெறும் சொல் போதாது என்று சாட்சியமும் ஏற்பாடு செய்தேன். லாத்தாவின் தையல் மிஷினில் மோட்டார் உண்டு.

"லாத்தா, இன்னும் வேகமா அமுக்கு. வண்டி கிட்ட வந்துட்டுத் தூரமாப் போவணும்."

"ஏலே, வாப்பா மெக்கானிக்குலே. பொட்டிக்கடை வைக்கல."

நான் ரெக்கார்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மிஷினை நோக்கி ஓடினேன், பிறகு பின்பக்கமாக நடந்தேன். என் வாழ்க்கையின் முதல் கதை இப்படித்தான் தயாரானது. பின்னாளில் எழுதிய எதற்கும் நான் இவ்வளவு ஓடியதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து வாப்பா வந்தார். கேசட்டில்தான்.

"இருபத்தொண்ணா? மணல்லயா?" ஒரு இருமல். "சரி. சைக்கிள்ல முன்னாடி பெரிய பல்லு இருந்தா ரோட்டுல வேகம், மணல்ல மிதிக்க முடியாதுலா? மோட்டாருக்கும் அப்படித்தான், மூச்சு வாங்கும், சூடாவும். ஓட்டி முடிச்சதும் மோட்டாரு மேல வெரல வையி. பத்து வரைக்கும் எண்ண முடியுதான்னு சொல்லு. அடுத்து பதினெட்டு போட்டுப் பாரு."

அறையில் உட்கார்ந்து, செத்த மோட்டாரின் தண்டில் பதினெட்டுப் பல்லை ஒழுங்காக மாட்டினேன். அதுவும் வண்டியின் அச்சிலிருந்த பெரிய பல்சக்கரமும் ரொம்ப நெருங்கிவிடாமல் இருக்க, நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து இறுக்கிப் பிறகு உருவிவிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அதையும் செய்தேன். வண்டியைக் கையால் தள்ளி, வாயால் சத்தம் போட்டேன். மோட்டார் மேல் விரல் வைத்து ஐம்பது வரை எண்ணினேன். அந்த ஒன்றில் மட்டும் பொய்யே இல்லை. செத்த மோட்டார் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் எண்ணலாம்.

"அம்பது எண்ணுனேன் வாப்பா."

அவர் விடவில்லை. காய்ந்த மணலில் எத்தனை நிமிடம்? ஈர மணலில்? மேடு ஏறியதா? பதினைந்து போட்டால் வேகம் எவ்வளவு குறைந்தது? ஒவ்வொரு கேசட்டிலும் கேள்விகள் கூடின, என் பொய்களும் கூடின. இரண்டு நிமிடமாக இருந்த என் பங்கு பத்து நிமிடமானது. "எனக்குப் பேசவே எடமில்ல, இந்த ஓடாத வண்டிக்கு வந்த வாழ்வப் பாருங்க" என்று லாத்தா உம்மாவிடம் முறையிட்டாள். உம்மா ஏனோ என்னிடம் "தள்ளு" என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம் வாப்பா உடம்போடு வந்தார். அந்த நாளை நினைத்து நான் சாப்பிடாமலே இளைத்திருந்தேன். அவரோ அத்தர், சோப்பு, உம்மாவுக்குத் துணி என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தார். புது மோட்டார்.

"தையல் மிஷின் நல்லாத் தைக்குதாலே?"

லாத்தா அடுப்படிக்கு ஓடிவிட்டாள். எனக்குக் காது சுட்டது.

"மொதல்லயே தெரியுமா வாப்பா?"

"காஞ்ச மணல்ல இருபத்தொரு பல்லு போட்டுட்டு வண்டி பறக்குதுன்னா, மெக்கானிக்கு நம்புவானா?"

"அப்ப ஏன் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"கேக்க நல்லாத்தானே இருந்திச்சி" என்றார். "ரூம்ல நாங்க ஆறு பேரு. உம்மா பேசறத நா மட்டும் கேப்பேன். உன் பங்கு வந்தா ஆறு பேரும் கட்டுல்ல வந்து ஒக்காந்துருவானுவோ. வண்டி இன்னக்கி எங்க வரைக்கும் போச்சின்னு."

ஆறு பேர்! அத்தனை பேரும் லாரிப் பட்டறை. அத்தனை பேருக்கும் தையல் மிஷின் சத்தம் தெரியும். என்னை வைத்து ஒரு வருடம் சிரித்திருக்கிறார்கள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். இனி செத்தாலும் பொய் சொல்வதில்லை, செத்தாலும் பெரிய பல்லைத் தொடுவதில்லை என்று அங்கேயே நின்று தீர்மானித்தேன்.

அவர் ஐந்தே நிமிடத்தில் புது மோட்டாரைப் பூட்டி, பதினைந்து பல்லை மாட்டினார். காய்ந்த மணலில் வண்டி அலட்டாமல் ஏறிப் போனது. மோட்டார் மேல் விரல் வைத்து இருவரும் சேர்ந்து பத்து வரை எண்ணினோம். அந்த இரண்டு மாதமும் சாயங்காலம் ஆனால் கடற்கரைதான். வாப்பா ரொம்ப மோசமாக ஓட்டினார். இரண்டு தடவை கடலுக்குள் விட்டார்.

புறப்படும் நாளன்று, மிச்சமிருந்த இரண்டு பல்சக்கரங்களையும் பொட்டலத்தில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"இதையும் வச்சிக்கோ. ஆசையா இருந்தா மாத்திப் போட்டுப் பாரு. கோளாறு ஆனா எனக்குச் சொல்லு, என்ன."

"நா போடவே மாட்டேன் வாப்பா."

அவர் "ம்" என்றார். வேன் வந்துவிட்டது.

அடுத்த கேசட்டில் கேட்டார்: "வண்டி எப்படி இருக்கு மவனே? எதுவும் கோளாறு இருக்கா?"

"ஒரு கோளாறும் இல்ல வாப்பா. பதினஞ்சு பல்லுதான் சரி." சொல்லி முடித்துவிட்டேன். உம்மா இன்னும் கொஞ்ச நேரம் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டே நின்றாள். சொல்ல வேறொன்றும் இல்லை. மார்க்கைச் சொன்னேன்.

அதற்கடுத்த கேசட்டிலும் அதே கேள்வி. "வாப்பாக்கு மறதி வந்துட்டு, போன தடவையே சொன்னேம்லா" என்று லாத்தாவிடம் சொல்லிச் சிரித்தேன். மூன்றாவதில் கேள்வி கொஞ்சம் மாறியிருந்தது. கேட்பதற்கு முன்னால் அதே இருமல்.

"பெரிய பல்லு எதுவும் போட்டுப் பாத்தியா?"

என்னைச் சந்தேகப்படுகிறார் என்று எனக்கு ரோஷம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்த ஆறு பேருக்கும் கேட்கட்டும் என்று, ரெக்கார்டருக்கு மிக அருகில் வாயை வைத்துப் பதில் சொன்னேன்.

"இல்ல வாப்பா. சத்தியமா போடல."

அது உண்மை. அவருக்கு நான் சொன்னவற்றிலேயே ஆகச் சுத்தமான உண்மை. பழையபடி இரண்டு நிமிடமாகிவிட்ட என் பங்கில் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சமிருந்தது. அதை லாத்தா எடுத்துக்கொண்டாள்.